மைக்ரோக்ளியாவுக்கு நாம் வந்தது தெரியும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிரியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். எந்தத் தேர்வு எழுதினால் பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேரலாம், சேர்ந்தால் மாதம் எவ்வளவு வரும். இரண்டுக்கும் பதில் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள் பக்கம் வர நினைப்பவர்கள் அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. மைக்ரோக்ளியா என்கிற அந்தச் செல்லை நீங்கள் பார்க்கப் போகும்போது, நீங்கள் வந்திருப்பது அதற்குத் தெரிந்துவிடும். எலிக்கு மயக்க மருந்து கொடுத்தால் அது ஒரு மாதிரி இருக்கும், மண்டையோட்டைத் திறந்தால் வேறு மாதிரி. எலிக்கூடத்தில் நாள்கணக்கில் சத்தம் என்றால் அதுவும் போய்ச் சேரும். நான் அளந்தது அந்தச் செல்லின் இயல்பையா, நான் சீண்டியதற்கு அது காட்டிய பதிலையா? பிஎச்.டி. மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து இன்று சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம் நடத்துகிற வரைக்கும் என் பிழைப்பு இந்த ஒரு கேள்வியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. 1919-ல் ஸ்பெயின்காரர் பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளி கார்பனேட் சாயம் ஏற்றி இந்தச் செல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். மைக்ரோக்ளியா என்று பெயர் வைத்ததும் அவர்தான். மூளையில் அடிபட்டால் இவை கிளைகளைச் சுருக்கிக்கொண்டு உருண்டு, செத்த செல்களை விழுங்குகின்றன என்பதை அப்போதே எழுதிவிட்டார். அதன்பிறகு வெகுகாலம் இவற்றுக்குத் துப்புரவுத் தொழிலாளி அந்தஸ்துதான். நியூரான்தான் ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. நான் எம்.எஸ்சி. படித்த காலத்தில்கூட இந்தச் செல்லுக்கு ஒரு பத்தியும் ஒரு படமும்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

2005-ல் நிலைமை மாறியது. இரண்டு குழுக்கள் தனித்தனியாக, இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியில், உயிருள்ள எலியின் மூளையில் மைக்ரோக்ளியாவைப் படம்பிடித்தன. செல்லின் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கிளைகள் மட்டும் நிமிஷத்துக்கு ஓரிரு மைக்ரான் வேகத்தில் நீள்வதும் சுருங்குவதுமாக ஓயாமல் அலைகின்றன. லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டால் சுற்றியுள்ள செல்களின் கிளைகளெல்லாம் சில நிமிஷத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. அதுவரை 'ஓய்வு நிலை' என்று எழுதிக்கொண்டிருந்தார்களே, அந்த நிலையில் எடுத்த படம் இது! 2010-ல் இன்னொரு ஆச்சரியம். இவை நியூரான்களின் உறவே இல்லை, ரத்தத்திலிருந்து பிறகு வந்து குடியேறியவையும் இல்லை. கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குள் நுழைந்தவை. நுழைந்தபிறகு தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிடுகின்றன.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். ஹியூபெல், வீசல் என்ற இரண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள், பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சிறுவயதில் மூடிவைத்தால் மூளையின் பார்வைப் பகுதி திறந்திருக்கும் கண்ணுக்குச் சாய்ந்துவிடுகிறது என்று காட்டினார்கள். 1981-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அனுபவத்துக்கு ஏற்ப இணைப்புகள் மாறுகிற இந்த நெகிழ்வுத்தன்மைதான் நியூரோபிளாஸ்டிசிட்டி. இணைப்பு மாற வேண்டுமென்றால் சில சினாப்ஸ்கள், அதாவது நியூரானும் நியூரானும் இணையும் இடங்கள், போயாக வேண்டும். யார் அவற்றை அகற்றுவது? 2007-ல் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் குழு, ரத்தத்தில் கிருமிகளுக்கு அடையாளம் வைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் வளரும் மூளையில் சினாப்ஸ்கள்மேலும் உட்காருவதைக் காட்டியது. 2012-ல் ஸ்டீவன்ஸின் சொந்தக் குழு, அப்படி அடையாளம் வைத்த இணைப்புகளை மைக்ரோக்ளியா விழுங்குவதைக் காட்டியது. 2016-ல் வேறொரு குழு, மைக்ரோக்ளியா சமிக்ஞை வாங்கப் பயன்படுத்தும் பி2ஒய்12 என்ற ஏற்பிப் புரதம் இல்லாத எலிகளில் அந்தக் கண்மூடல் சோதனையின் சாய்வே சரியாக நடப்பதில்லை என்றது. நான் வந்து ஒட்டிக்கொண்டது இந்த இடத்தில். எலிக்குட்டிக்கு நான்கு வார வயதாகும்போது ஒரு கண்ணைச் சில நாட்கள் மூடி, பார்வைப் பகுதியில் மைக்ரோக்ளியா எந்தெந்தச் சினாப்ஸைத் தொடுகிறது, தொட்டபின் அந்தச் சினாப்ஸ் என்ன ஆகிறது என்று பார்ப்பது.

கதையாகக் கேட்க அழகாக இருக்கிறது: மைக்ரோக்ளியா வேண்டாத சினாப்ஸைத் தின்கிறது, மூளை செதுக்கப்படுகிறது. மேடையில் பேச இதைவிட நல்ல வரி கிடைக்காது. ஆனால் 2018-ல் ஓர் ஐரோப்பியக் குழு மிக நுணுக்கமாகப் பார்த்தபோது, முழுச் சினாப்ஸை விழுங்கியதற்கான சாட்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சமிக்ஞை அனுப்பும் பக்கத்திலிருந்து சிறு துணுக்குகளைக் கடித்து எடுப்பதைத்தான் பார்த்தார்கள். அதைவிட, மைக்ரோக்ளியா தொட்ட இடத்தில், சமிக்ஞை வாங்கும் பக்கத்தில் நியூரானின் கிளைமேல் துருத்திக்கொண்டிருக்கும் டென்ட்ரைட் முள்ளின் தலையிலிருந்து புதிதாக ஓர் இழை முளைப்பதையும் பார்த்தார்கள். அழிக்கிறவன் என்று பேர் வாங்கியவன் வளர்க்கவும் செய்கிறான். என் மாணவர்கள் கருத்தரங்குச் சுவரொட்டியில் 'தின்கிறது' என்று எழுதினால் நான் கேட்பேன்: எதை, எவ்வளவு, எந்தப் பக்கத்தை? மைக்ரோக்ளியாவுக்குள் கிடப்பதுபோல் தெரியும், சினாப்ஸைக் காட்டும் பச்சைப் புள்ளி தின்றதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்பதற்கு முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் பதில் கிடையாது.

இனி சீண்டல் விஷயம். 2005-ன் அந்தப் புகழ்பெற்ற படங்கள் மயக்கத்தில் இருந்த எலிகளில் எடுத்தவை. 2019-ல் இரண்டு குழுக்கள் விழித்திருக்கும் எலியில் அதையே செய்தன. விழிப்பில் மூளையெங்கும் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மைக்ரோக்ளியாவை அடக்கிவைக்கிறது, மயக்கம் கொடுத்ததும் அது குறைந்து கிளைகள் அதிகம் விரிகின்றன என்று தெரிந்தது. அதாவது பதினைந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட துறை முழுவதும் ரசித்த துறுதுறுப்பில் ஒரு பங்கு மயக்க மருந்தினுடையது. எங்கள் ஆய்வகத்தில் இதனால் வேலை இரட்டிப்பானது. எலியைக் கையில் பழக்க வேண்டும், தலையைப் பிடித்துவைக்கும் சின்னத் தகட்டுக்குப் பழக்க வேண்டும், சுழலும் பந்தின்மேல் ஓடவிட வேண்டும், இனிப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அது பயப்படாமல் நிற்கிறது என்று தெரிந்தபிறகுதான் படம். அவசரக்காரர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்று நேர்காணலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையாட்டுவார்கள். மூன்றாவது மாதம் புரியும்.

மண்டையோட்டு விவகாரம் இன்னும் பெரியது. வளர்ந்த எலியின் மூளையில் டென்ட்ரைட் முட்கள் பெரும்பாலும் நிலையானவையா, வந்துபோய்க்கொண்டே இருப்பவையா என்று 2002-லிருந்து ஒரு வழக்கு. ஒரு குழு எலும்பைத் திறக்காமல் மெல்லியதாகச் சுரண்டி, அதன் வழியே பார்த்து, நிலையானவை என்றது. இன்னொரு குழு எலும்பை அகற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, நிறைய மாறுகின்றன என்றது. 2007-ல் முதல் தரப்பு ஒரு கட்டுரையில், கண்ணாடி வைக்கும் அறுவையே மைக்ரோக்ளியாவைக் கிளப்பிவிட்டு முட்களின் வரவு போக்கை அதிகமாக்குகிறது என்று காட்டியது. கண்ணாடிக்காரர்கள் விடவில்லை. அறுவைக்குப்பின் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டால் அந்தக் கலவரம் அடங்கிவிடும் என்றார்கள். நெகிழ்வுத்தன்மையை அளக்கப் போனவர்கள் நடுவே வந்து நின்று வழக்கையே சிக்கலாக்கியது நம் செல். எங்களுடையதும் கண்ணாடி ஜன்னல்தான், ஏனென்றால் வாரக்கணக்கில் அதே இடத்தைப் பார்க்க அதுதான் வசதி. ஆனால் ஆறவிடுகிறோம். அறுவை செய்யாத எலிகளின் மூளையையும் சாயமேற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் எழுதுவதில்லை.

சாயமேற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களின் முதல் வருஷம் அங்கேதான் போகும். பதப்படுத்திய மூளையை உறையவைத்து 30 மைக்ரான் தடிமனில் சீவுவோம். சீவிய துண்டு ஒவ்வொன்றும் தாங்கல் கரைசலில் மிதக்கும், ஊறிய அப்பளம்போல் தொட்டால் மடங்கும். அதைத் தூக்க எந்த வெளிநாட்டுக் கருவியும் கிடையாது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாட்டர்கலருக்கு வைத்திருக்கும் மிக மெல்லிய தூரிகைதான். துண்டின் ஓரத்துக்குக் கீழே தூரிகையை நுழைத்து, தண்ணீரோடு சேர்த்துத் தூக்கி, கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு சொட்டில் மிதக்கவிட்டு, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக நீவ வேண்டும். மூச்சு வேகமாக விட்டால் மடங்கிவிடும். துண்டில் இடது எது வலது எது என்று பார்த்தால் தெரியாது. எலியின் பார்வை நரம்பு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குப் போவதால், மூடிய கண்ணுக்கு எதிர்ப்பக்கம் எது என்று தெரியாவிட்டால் எல்லாமே வீண். அதனால் சீவுவதற்கு முன்பே ஒரு பக்க அரைக்கோளத்தில், பார்வைப் பகுதிக்குத் தூரத்தில், மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டுவிடுவோம். புத்தகத்தில் இருக்காது. சீனியர் காட்டித்தான் ஜூனியருக்குத் தெரியும்.

பிறகு ஐபா1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம். மைக்ரோக்ளியாவைப் பார்க்க எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். இருட்டு அறையில் திரையில் அந்த மெல்லிய கிளைகள் வரும்போது இன்றைக்கும் நான் ஒரு நிமிஷம் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். ஆனால் ஐபா1 ரத்தத்திலிருந்து வந்த மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லிலும் இருக்கும். உண்மையில் மைக்ரோக்ளியாதானா என்று உறுதிசெய்ய பி2ஒய்12, டிமெம்119 போன்ற அடையாளங்களையும் சேர்க்க வேண்டும். அவையும் அழற்சியில் குறைந்துவிடும் என்பது தனித் தலைவலி. செல்லைப் பிரித்தெடுத்து ஆர்.என்.ஏ. பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. 37 டிகிரியில் நொதி போட்டு மூளையைக் கரைக்கும் நேரத்துக்குள் எந்தெந்த மரபணுவை இயக்குவது என்பதைச் செல் மாற்றத் தொடங்கிவிடும் என்று 2022-ல் விரிவாகக் காட்டிவிட்டார்கள். குளிரில் வேலை செய்யுங்கள், அல்லது மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பதைத் தடுக்கும் மருந்துகளைக் கலந்துகொள்ளுங்கள். மைக்ரோக்ளியா பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய எலியும் விதிவிலக்கில்லை. சிஎக்ஸ்3சிஆர்1 ஏற்பியின் மரபணு இருக்கும் இடத்தில்தான் அந்த ஒளிப் புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். ஒரு பிரதி போனால் பாதி ஏற்பி போயிற்று, இரண்டும் போனால் அந்த ஏற்பியே இல்லை. அந்த ஏற்பிதான் நியூரானும் மைக்ரோக்ளியாவும் பேசிக்கொள்ளும் வழிகளில் ஒன்று. ஆக, விளக்கைப் போட்டதே வீட்டுக்காரரின் வாயைப் பாதி மூடித்தான்.

படம் எடுத்தாயிற்று, எண்ண வேண்டும். இங்கே எனக்கு வளைந்துகொடுக்காத ஒரு விதி உண்டு. எந்தப் படம் எந்த எலி என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. வேறொருவர் பெயரை மாற்றி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். மைக்ரோக்ளியாவின் கிளையைத் தடவித் தடவிக் கோடு போடும்போது 'இது கண் மூடிய எலி, கிளை குறைந்திருக்கும்' என்று மனசு முன்கூட்டியே முடிவுகட்டிவிடும். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். இரண்டாவது, புள்ளியியல். ஐந்து எலிகளில் தலா இருநூறு செல் எண்ணினால் உங்களிடம் ஐந்து தரவுதான் இருக்கிறது, ஆயிரம் இல்லை. ஒரே எலியின் செல்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தனித்தனி சாட்சிகளாகச் சேராது. வெளிவந்த கட்டுரைகளிலேயே இதைக் கவனிக்காமல், வித்தியாசம் தற்செயலில்லை என்று நட்சத்திரக் குறி போட்டவை ஏராளம். படிக்கும்போது முதலில் படத்தின் கீழுள்ள குறிப்பில் எத்தனை எலி என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கட்டுரையை மூடிவைத்தாலும் தப்பில்லை.

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து அண்ணன். நுண்ணோக்கி அறையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த வாரம் எடுக்கும் தரவு தேறும், எது தேறாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு முறை பக்கத்துக் கட்டிடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இந்த வாரம் எலி எடுக்கப் போறியா?"

"ஆமாண்ணா, தேதியெல்லாம் குறிச்சாச்சு."

"தேதி உனக்குதான். ரெண்டு தாய் ராத்திரி குட்டியைத் தின்னுடுச்சு. சத்தத்துல எல்லாம் மிரண்டு கெடக்குது. பத்து நாள் போவட்டும்."

நிறுத்திவிட்டோம். கண்மூடல் சோதனையில் குட்டியின் வயது நான்கு வாரத்தை ஒட்டி இருக்க வேண்டும், அந்தப் பருவம் போனால் திரும்ப வராது. எனவே அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நுண்ணோக்கியில் முன்பதிவு செய்த நேரம் எல்லாம் மற்றவர்களுக்குப் போனது. தொடர்ந்து மன அழுத்தத்தில் இருக்கும் எலிகளில் மைக்ரோக்ளியா மாறுகிறது என்பதற்கு ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அண்ணன் அவற்றைப் படித்ததில்லை. அன்றுமுதல் எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் எலிக்கூடத்துச் செய்திக்கு ஒரு பத்தி உண்டு: சத்தம், ஏசி நின்ற நேரம், கூண்டு மாற்றிய நாள், யார் கையில் எடுத்தது. யார் என்பதும் முக்கியம். ஆண் ஆராய்ச்சியாளரின் வாசனையே எலியின் வலி உணர்வைக் குறைக்கிறது என்று 2014-ல் ஒரு கட்டுரை வந்தபோது எங்கள் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே வந்தது இன்னொன்று: நரம்பு வலியில் மைக்ரோக்ளியாவுக்குப் பெரிய பங்கு இருப்பது ஆண் எலிகளில். பெண் எலிகள் அதே வலியை வேறு வழியில் அடைகின்றன. அதற்கு முன் வெகுகாலம் ஆண் எலியை மட்டும் வைத்து 'எலி' என்று எழுதிக்கொண்டிருந்த துறை இது. இரண்டையும் எடுங்கள், தனித்தனியாகப் பாருங்கள். எலிகள் அதிகம் வேண்டும், விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் அதற்குக் காரணமும் எழுத வேண்டும். எழுதுங்கள்.

அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முதலில் எழுதுங்கள் என்றும் சொல்வேன். எத்தனை எலி, எதற்கு, வலி எப்படிக் குறைப்பீர்கள், குறைவான எலியில் முடியாதா என்று கேட்பார்கள். சலித்துக்கொள்கிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனையின் ஓட்டைகள் தெரிவது அதை எழுதும்போதுதான். வெளிநாட்டிலிருந்து எலி வரவழைப்பதென்றால் அனுமதி, விமானம், தனிமைப்படுத்தல் என்று மாதக்கணக்கில் போய்விடும். முதலில் பெங்களூரிலேயே யாரிடம் அந்த வகை இருக்கிறது என்று விசாரியுங்கள். ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ்., ஜக்கூரில் ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர்., ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்று மூளை ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் ஒரே ஊரில் இத்தனை இருப்பதன் பெரிய லாபம் இதுதான். சாயமேற்ற வேண்டிய ஆன்டிபாடியும் அப்படியே. உலர்பனியில் வரும் பெட்டி கோடையில் சுங்கத்தில் தங்கிவிட்டால் உள்ளே இருப்பது பாயசம்தான். முடிந்தால் உலர்த்திய தூளாக வரும் ஆன்டிபாடியாக வாங்குங்கள். வந்ததும் சிறு சிறு குழாய்களில் பங்கிட்டு உறையவைத்து, ஒவ்வொரு குழாயையும் ஒரே ஒரு முறை உருக்குங்கள். மார்ச் மாதத்தில் பட்ஜெட் முடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் போடுவார்கள், அந்தக் கூட்டத்தில் மாட்டாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது நடப்பது வேறு. பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் யாராவது எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஒரு பெரிய உறையில் கொண்டுவந்து விடுவார்கள். "நீதான் மூளை டாக்டராச்சே, இதைக் கொஞ்சம் பாரு கண்ணு" என்பார் பெரியம்மா. நான் எலி மூளையைப் பார்ப்பவள் என்று சொன்னால், அதைவிட இது சுலபம்தானே என்ற பார்வை வரும். நான் செய்வது ஒன்றுதான்: ஃபிலிமை வாங்கிப் பார்க்காமலே உறையில் திருப்பிப் போட்டு, பக்கத்து ஊரில் நரம்பியல் மருத்துவர் யார் என்று கண்டுபிடித்து நேரம் வாங்கிக் கொடுப்பது. மறதிக்கு 'மூளை அழற்சியைத் தணிக்கும்' பொடி விற்கிறார்களே, வாங்கலாமா என்றும் கேட்பார்கள். அல்சைமரில் மைக்ரோக்ளியாவுக்குப் பங்குண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2013-ல் ட்ரெம்2 என்ற மைக்ரோக்ளியா மரபணுவின் ஓர் அரிய மாற்றம் நோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. அந்த ட்ரெம்2-ஐத் தூண்டிவிடும் ஒரு ஆன்டிபாடி மருந்தைப் பெரும் செலவில் மனிதர்களிடம் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது, நோயின் வேகம் குறையவில்லை. அவ்வளவு தெரிந்தவர்களாலேயே முடியாதது டப்பாவில் வரும் பொடியால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, பெரியம்மாவிடமும் அதையே சொன்னேன். பொடியை வாங்கிவிட்டார், அது வேறு விஷயம்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நேரில் உணர நிம்ஹான்ஸுக்குப் போங்கள். 1995 முதல் அங்கே மூளை வங்கி இருக்கிறது, இறந்தவர்களின் குடும்பத்தார் தானமாகத் தந்த மூளைகளைச் சேர்த்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள். பொதுமக்கள் பார்க்கும்படி மூளை அருங்காட்சியகமும் உண்டு. உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். இத்துறைக்கு வரலாமா என்று இழுபறியில் இருப்பவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மூளை எடுக்கப்பட்டது என்பதற்கேற்ப மைக்ரோக்ளியாவின் தோற்றம் மாறும் என்பதையும் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அங்கேயும் அதே கேள்விதான்.

முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களுக்கு நெட்-ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு) அல்லது கேட் போன்ற தேர்வில் தேறி, பிறகு நேர்காணல். என்.சி.பி.எஸ்.க்கு மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர். நடத்தும் ஜி.எஸ். தேர்வு உயிரியலுக்குத் தனியாக உண்டு, அதிலும் பிறகு நேர்காணல். இயற்பியல், பொறியியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள், படங்களை அலசத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் நல்ல மவுசு. ஃபிஜி என்ற இலவச மென்பொருளும் கொஞ்சம் பைத்தானும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். நேர்காணலில் மார்க்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒரு வரைபடத்தைப் போட்டு, 'இந்த வித்தியாசம் வேறு எதனால் வந்திருக்கலாம்' என்பார்கள். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். பலகையில் படம் வரைந்து காட்டுங்கள், அம்புக்குறிக்கு இலக்கணம் கிடையாது.

2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனபின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. காகிதத்தில் இது சரிதான். கைக்கு வருவது மாதாமாதம் என்று நினைக்காதீர்கள். சில மாதம் சேர்ந்து மொத்தமாக வந்த அனுபவம் எனக்கும் உண்டு, இப்போது என் மாணவர்களுக்கும் உண்டு. ஹாஸ்டல் கிடைக்காமல் வெளியே வீடு பார்த்தால் அட்வான்ஸே பெரும் தொகை கேட்பார்கள். சேருவதற்கு முன் கையில் நான்கைந்து மாதச் செலவுக்கு ஏதாவது இருக்கட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலைவிட அவருடைய பழைய மாணவர்கள் பயன்படுவார்கள். தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு, எத்தனை வருஷத்தில் முடித்தீர்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், எதிர்பார்த்த முடிவு வராதபோது அவர் என்ன சொல்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோக்ளியாவில் எதிர்பாராத முடிவுதான் அதிகம் வரும்.

இன்னும் பட்டம் முடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருந்து பார்க்கலாம், உதவித்தொகையும் தருகிறார்கள். விண்ணப்பம் வழக்கமாக நவம்பரை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் நம் கல்லூரிகளில் அது கிடைக்காது. தீபாவளி லீவு விடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.